ஆஃபர்ல வர்ற ரெடிமேட் கேமிங் பிசியை வாங்கலாமா? சொல்லாம விட்ட வரியைத் தேடுங்க

11.11, 12.12, தீபாவளி, சீனப் பெருநாள்னு வருஷத்துல பாதி நாளு நம்ம மலேசியாவுல ஷாப்பி, லசாடா மாதிரி ஆன்லைன் கடையில ஏதாவது ஒரு சேல் ஓடிக்கிட்டேதான் இருக்கு. ஒவ்வொரு தடவையும் சொந்தக்காரப் பசங்க, ஆபீஸ்ல கூட வேலை செய்றவங்க, தாமான்ல பக்கத்து வீட்டுக்காரர்னு யாராச்சும் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பி "அண்ணே, 4,899 வெள்ளி பிசி 3,299க்கு வந்திருக்கு, எடுக்கலாமா?"ன்னு கேக்குறாங்க. தனித்தனியா பதில் சொல்லி அலுத்துப்போச்சு, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன்.

முதல்ல அந்த கோடு போட்டு அடிச்ச 4,899 ரிங்கிட்டை மறந்துடுங்க. அது கடைக்காரர் போட்ட நம்பர், அந்த விலைக்கு யாராவது வாங்கினாங்களான்னு உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. நாம பாக்க வேண்டியது விளம்பரத்துல எந்த பார்ட்டோட பேரை பெருசா போட்டிருக்காங்க, எதோட பேரை சொல்லாமலே விட்டிருக்காங்கங்கிறதை. எல்லா விளம்பரமும் பிராசசர், கிராபிக்ஸ் கார்டு, ராம், எஸ்எஸ்டி, கலர் கலரா எரியுற ஃபேன் இதை மட்டும் கொட்டை எழுத்துல போடும். பவர் சப்ளை என்ன பிராண்டு? மதர்போர்டு என்ன மாடல்? ராம் ஒரு குச்சியா ரெண்டு குச்சியா? அங்கதான் சத்தமே இருக்காது, தள்ளுபடியில முக்கால்வாசி அங்க இருந்துதான் வந்திருக்கும்.

அதுக்கும் முன்னாடி ஒரு கேள்வி, என்ன கேம் விளையாடப் போறீங்க, எந்த மானிட்டர்ல? வெலரண்ட், டோட்டா 2 மட்டும்தான், மானிட்டர் 1080பினா (படத்தோட தெளிவைக் காட்டுற அளவு, 1440பி அதை விடத் தெளிவு) பெரிய கார்டே தேவையில்ல, ரைசன் 5 5600ஜி மாதிரி உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிற பிராசசர்லயே வெலரண்ட் நல்லா ஓடும். புதுசா வர்ற கனமான கேமை 1440பி மானிட்டர்ல விளையாடணும்னா அது வேற பட்ஜெட். தம்பி எஸ்பிஎம் முடிச்சிட்டான், காலேஜுக்கு அசைன்மென்ட் செய்யணும் கூடவே கேமும் விளையாடணும்னா, டெஸ்க்டாப் வேணுமா இல்ல லேப்டாப் வேணுமாங்கிறதையே முதல்ல வீட்ல உக்காந்து பேசிடுங்க.

சரி, பிராசசர். விளம்பரத்துல "ஐ7 கேமிங் பிசி"ன்னு மட்டும் இருந்து பின்னாடி நம்பர் இல்லைன்னா உடனே உஷாராயிடுங்க. ஐ7-3770 வந்தது 2012ல, ஐ7-4770 வந்தது 2013ல, ரெண்டுமே ஐ7தான், ஆனா இன்னைக்கு சாதாரண ஐ3-12100 ரெண்டையும் தாண்டிப் போயிடும். ஆபீஸ்ல கழிச்சுப் போட்ட மெஷின்ல இருந்து போர்டையும் பிராசசரையும் எடுத்து புது கண்ணாடி கேசிங்ல போட்டு, நாலு லைட்டு மாட்டி, "32ஜிபி ராம்"னு விக்கிறது ஒரு பெரிய வியாபாரம். இன்னொரு வகை எக்ஸ்99 போர்டு, ஜியான் இ5 பிராசசர், "12 கோர் 24 த்ரெட்"னு போட்டு மலிவா வரும், கோர்னா பிராசசருக்குள்ள வேலை செய்ற தனித்தனி பகுதி. இ5-2670 வி3ன்னு இருந்தா அது 2014ல சர்வருக்குன்னு வந்த சாமான், பேஸ் ஸ்பீடு 2.3 கிகாஹெர்ட்ஸ்தான். வீடியோ ரெண்டரிங்குக்கு பரவாயில்லை, கேமுக்கு கோர் எண்ணிக்கையை விட ஒவ்வொரு கோரும் எவ்வளவு வேகமா ஓடுதுங்கிறதுதான் முக்கியம்.

பழைய பிராசசர்ல இன்னொரு சிக்கல் இருக்கு, இதை யாரும் விளம்பரத்துல சொல்ல மாட்டாங்க. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட்டை நிறுத்திட்டாங்க. விண்டோஸ் 11 முறையா போடணும்னா இன்டெல்ல 8வது தலைமுறை, ரைசன்ல 2000 சீரிஸ், அதுக்கு மேல இருக்கணும், டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்பு வசதியும் வேணும். கடைக்காரர் ஏதோ குறுக்கு வழியில பழைய மெஷின்ல விண்டோஸ் 11 ஏத்திக் கொடுத்திருப்பாரு, வீட்டுக்குக் கொண்டு வந்து வெலரண்ட் போட்டா வேன் 9001னு எரர் வந்து நிக்கும், ஏன்னா விண்டோஸ் 11ல அந்த கேமோட வேன்கார்டு (ஏமாத்தி விளையாடுறதைத் தடுக்கிற சாஃப்ட்வேர்) டிபிஎம்மையும் செக்யூர் பூட்டுங்கிற இன்னொரு பாதுகாப்பு வசதியையும் கேக்கும். வெலரண்ட் விளையாடத்தான் பையன் பிசியே கேட்டான், அதுவே ஓடலன்னா வீட்ல என்ன நடக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

இன்டெல் 13, 14வது தலைமுறை ஐ7, ஐ9 ஆஃபர்ல வந்தா அதுக்கும் ஒரு வார்த்தை. வோல்டேஜ் பிரச்சனையால அந்த சிப்புல சிலது கெட்டுப்போச்சு, இன்டெல்லே ஒத்துக்கிட்டு 2024 ஆகஸ்ட்ல இருந்து மைக்ரோகோட் அப்டேட் விட்டாங்க, பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரண்டியையும் ரெண்டு வருஷம் கூட்டினாங்க. வாங்கக் கூடாதுன்னு சொல்லல, அந்த அப்டேட் போர்டோட பயாஸ்ல (அடிப்படை சாஃப்ட்வேர்) ஏறியிருக்கான்னு கேட்டு வாங்குங்க. யாரோ ரெண்டு வருஷம் ஓட்டின செகண்ட் ஹேண்ட்னா நான் எடுக்க மாட்டேன்.

இப்ப கிராபிக்ஸ் கார்டு, காசுல பெரிய பங்கு இதுக்குத்தான் போகுது, ஏமாத்துறதுக்கு வசதியான இடமும் இதுதான். பேரு ஒண்ணா இருக்கும், உள்ள வேற சரக்கு. ஆர்டிஎக்ஸ் 3050ன்னு போட்டிருந்தா 8ஜிபியா 6ஜிபியான்னு கேளுங்க, 2024ல வந்த 6ஜிபி மாடல்ல மெமரி மட்டும் குறையல, கோரும் 2560ல இருந்து 2304ஆ குறைஞ்சிருக்கு, மெமரி பஸ்ஸும் (டேட்டா போற பாதையோட அகலம்) 128 பிட்ல இருந்து 96 பிட்டா சுருங்கியிருக்கு, பேரு மட்டும் அதே 3050. ஆர்டிஎக்ஸ் 3060லயும் இதே கதை, 12ஜிபி மாடல் 192 பிட், பின்னாடி வந்த 8ஜிபி மாடல் 128 பிட், கேம்ல வித்தியாசம் நல்லாவே தெரியும். ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ, 5060 டிஐ ரெண்டுமே 8ஜிபி, 16ஜிபின்னு ரெண்டு விதமா இருக்கு, விளம்பரத்துல ஜிபி போடலைன்னா அது 8ன்னே வச்சுக்குங்க.

8ஜிபி போதுமான்னு கேட்டா, 1080பிக்கு, டெக்ஸ்சரை (படத்தோட நுணுக்கத்தை) ஒரு படி இறக்கி வச்சு விளையாட சம்மதம்னா போதும். 1440பி மானிட்டர் வச்சிருக்கிறவங்க நாலஞ்சு வருஷம் ஓட்டணும்னு நினைச்சா இன்னைக்கு 8ஜிபி கார்டுல புதுக் காசு போட வேண்டாம்னுதான் சொல்வேன். இதுல என்கிட்ட சண்டைக்கு வர்றவங்களும் இருக்காங்க, பரவாயில்லை.

ரொம்ப மலிவான பிசின்னா ஜிடி 730, ஜிடி 1030 இதெல்லாம் "2ஜிபி கேமிங் கார்டு"ன்னு உள்ள உக்காந்திருக்கும், இது படம் காட்டுற கார்டு, கேம் கார்டு இல்ல. பழைய கார்டோட பயாஸை மாத்தி ஜிடிஎக்ஸ் 1050 டிஐன்னு பேரு மட்டும் காட்டுற போலி கார்டும் சுத்துது, ஜிபியு-இசட்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதைப் போட்டுப் பாத்தா போலியா இருந்தா பேருக்கு முன்னாடியே போலின்னு காட்டிடும்.

இனி அந்த சத்தமில்லாத பார்ட்ஸ். பவர் சப்ளையில இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா இது கெட்டா தான் மட்டும் போகாது, சில சமயம் பக்கத்துல இருக்கிறதையும் இழுத்துக்கிட்டுப் போகும். "500 வாட்"னு போட்டிருப்பாங்க, பிராண்டு இருக்காது. அந்த 500ஐ நம்ப வேண்டாம், பவர் சப்ளை பக்கவாட்டுல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. அதுல +12வி வரியில எத்தனை ஆம்பியர்னு பாத்து 12ஆல பெருக்குங்க. 25 ஆம்பியர்னு இருந்தா 300 வாட், அவ்வளவுதான் பிராசசருக்கும் கார்டுக்கும் சேத்து அது கொடுக்கக்கூடியது, மேல 500னு என்ன எழுதியிருந்தாலும். ஆர்டிஎக்ஸ் 4060 தனியா 115 வாட் இழுக்கும், ஐ5-12400எஃப் முழு வேகத்துல 117 வரைக்கும் போகும், அது போக போர்டு, ஃபேன், எஸ்எஸ்டி. 300ல எப்படியோ ஓடிடும், ஆனா மூச்சு முட்டிக்கிட்டே ஓடும், நாளைக்கு பெரிய கார்டு மாத்தணும்னா அதையும் சேத்து மாத்தணும். 4060க்கு என்விடியா சொல்றது 550 வாட் சப்ளை. 80 பிளஸ் புரோன்ஸ் முத்திரை (மின்சாரத்தை ரொம்ப வீணாக்காதுங்கிற தரச் சான்று), தெரிஞ்ச பிராண்டு, 550க்கு மேல, இது மூணும் இருந்தா மேல படிக்கலாம். போட்டோ அனுப்ப மாட்டேங்குற கடையா? அடுத்த கடைக்குப் போங்க.

மதர்போர்டுல "எச்610"னு (இன்டெல் பிராசசருக்கான மலிவு ரகம்) இருந்தா பயப்பட வேண்டாம், கேம் ஓடும், ஆனா பெரும்பாலும் ராம் சொருக ரெண்டு இடம்தான், எஸ்எஸ்டிக்கும் இடம் கம்மி, இன்டெல் 14வது தலைமுறையோட அந்த சாக்கெட்டோட (பிராசசர் உக்கார்ற இடம்) கதையும் முடிஞ்சது. ரைசன் பிராசசருக்கான ஏஎம்4 சாக்கெட் போர்டும் அப்படித்தான், பழசாயிடுச்சு, ஆனா செகண்ட் ஹேண்ட் பிராசசர் நிறைய கிடைக்கும்ங்கிறதால எனக்கு அது மேல ஒரு பாசம் உண்டு. ரைசன் 5 5500க்கும் 5600க்கும் பேருல ஒரு நூறுதான் வித்தியாசம், கேஷ் மெமரி (பிராசசருக்குள்ளேயே இருக்கிற வேகமான மெமரி) பாத்தா 16 எம்பிக்கும் 32 எம்பிக்கும் உள்ள வித்தியாசம், கேம்ல அது தெரியும். விலை ஒண்ணா இருந்தா 5600 இருக்கிற பெட்டியைத் தூக்குங்க. பின்னாடி பிராசசர் மட்டும் மாத்தி மேல போகணும்னா ஏஎம்4க்கு அடுத்து வந்த ஏஎம்5, ஆனா அதுக்கு டிடிஆர்5ங்கிற புது வகை ராம்தான் போடணும்.

ராம் 16ஜிபின்னு போட்டிருந்தா ஒரே 16ஆ, ரெண்டு 8ஆன்னு கேளுங்க. ஒரே குச்சின்னா டூயல் சேனல் (ரெண்டு பாதையில ஒரே நேரத்துல டேட்டா போறது) ஓடாது, உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிற பிராசசர்ல இது பாதி உயிரையே எடுத்துடும், தனி கார்டு இருந்தாலும் கேம்ல அப்பப்ப திக்கித் திக்கி நிக்கிறது இதனாலயும் வரலாம். 256ஜிபி எஸ்எஸ்டி வேண்டவே வேண்டாம், விண்டோஸ் போட்டு ஒரு பெரிய கேம் போட்டா முடிஞ்சுது, இன்னைக்கு ஒரு கேமே 100ஜிபியைத் தாண்டுது.

இப்ப கூட்டல் கணக்கு. பிசியில இருக்கிற ஒவ்வொரு பார்ட்டோட விலையையும் தனித்தனியா ஆன்லைன்ல தேடி எழுதுங்க, சோம்பேறித்தனம் பாக்காதீங்க, அரை மணி நேரம்தான் ஆகும். கோலாலம்பூர்ல இருந்தா புக்கிட் பிந்தாங் எம்ஆர்டியில இறங்கி லோ யாட் பிளாசா உள்ள ஒரு சுத்து வந்து ரெண்டு மூணு கடையில விலைப் பட்டியல் கேளுங்க, பினாங்குக்காரங்களுக்கு பிராங்கின் மால் இருக்கு. நம்ம ஊர்ல ஒரு வசதி, எல்லா பார்ட்ஸையும் ஒரே கடையில எடுத்தா கூலி இல்லாமலோ கொஞ்ச காசுக்கோ அவங்களே பூட்டிக் கொடுக்கிற கடைங்க நிறைய. அதனால அமெரிக்காக்காரன் யூடியூப்ல "பூட்டுற கூலிக்காகவே ரெடிமேட் வாங்கலாம்"னு சொல்றது இங்க அவ்வளவா எடுபடாது.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு, விலை வாரா வாரம் மாறும், கணக்கு போடுற விதத்தை மட்டும் பாருங்க. பிராசசர் 480, போர்டு 380, ராம் 400, எஸ்எஸ்டி 230, கார்டு 1,350, பவர் சப்ளை 250, கேசிங் 200. மொத்தம் 3,290 வெள்ளி. விளம்பரத்துல 3,299. அப்ப 1,600 வெள்ளி தள்ளுபடின்னு சொன்னது எங்க போச்சு? தள்ளுபடியே இல்ல, சந்தை விலைக்கு விக்கிறாங்க, அது ஒண்ணும் குத்தம் இல்ல. ஆனா உள்ள இருக்கிற பவர் சப்ளை பேரு தெரியாத 120 வெள்ளி சாமான், போர்டு 280 வெள்ளி சாமான்னு தெரிஞ்சா மொத்தம் 3,060க்கு இறங்கிடும், நீங்க 239 வெள்ளி கூட கொடுத்து மட்டமான பார்ட் வாங்குறீங்க. என்னோட அளவு இது: ஒரே கடை வாரண்டி, முறையான விண்டோஸ் ரெண்டும் இருந்தா பார்ட்ஸ் விலைக்கு மேல நூத்துக்குப் பத்து வரைக்கும் கொடுக்கலாம். இந்த ரெண்டும் இல்லைன்னா பார்ட்ஸ் விலைக்குக் கீழ வந்தாத்தான் ஆஃபர்.

இந்தக் கணக்கு தலைகீழா போற நேரமும் இருக்கு. 2025 கடைசியில ராம் விலை எகிறிப்போச்சு, ஏஐ டேட்டா சென்டருக்கே மெமரி கம்பெனிக எல்லாம் சரக்கை அனுப்ப ஆரம்பிச்சுட்டாங்க, அந்த டிசம்பர்ல மைக்ரான் தன்னோட குரூஷியல் பிராண்டு ராம், எஸ்எஸ்டி வியாபாரத்தையே நிறுத்தப் போறதா சொல்லிட்டாங்க. இப்படி இருக்கிறப்ப பழைய விலையில ராம் வாங்கி வச்சு பூட்டின ஸ்டாக் ரெடிமேட் பிசி, தனித்தனியா வாங்குறதை விட நிஜமாவே மலிவா அமையும். அதனால கூட்டல் கணக்கை இன்னைக்கு விலையில போடுங்க, போன வருஷம் யாரோ கூட்டாளி வாங்கின விலையை வச்சு போடாதீங்க.

டெல், ஹெச்பி, லெனோவோ மாதிரி பெரிய பிராண்டு டெஸ்க்டாப் ஆஃபர்ல வந்தா பார்க்க வேண்டிய விஷயமே வேற. பார்ட்ஸ் நம்பகமா இருக்கும், வாரண்டி முறையா இருக்கும், சில மாடலுக்கு டெக்னீஷியன் வீட்டுக்கே வருவாரு. ஆனா பல மாடல்ல போர்டு அவங்க சொந்த அளவு, பவர் சப்ளையோட பின் அவங்க சொந்த டிசைன், மூணு வருஷம் கழிச்சு பெரிய கார்டு போடலாம்னு பாத்தா சப்ளை பத்தாது, கடையில கிடைக்கிற சப்ளை பொருந்தாது, போர்டை வேற கேசிங்ல மாட்டவும் முடியாது. வாங்கினதை அப்படியே அஞ்சு வருஷம் ஓட்டப் போறவங்களுக்கு இது பிரச்சனையே இல்ல. நோண்டுற ஆசை உள்ளவங்க விலகிடுங்க.

வாரண்டியில மூணு கேள்வி. லோக்கல் வாரண்டியா, இல்ல ஏபி செட்டா (வெளிநாட்டுல இருந்து தனியா இறக்கி விக்கிறது)? கெட்டா கடைக்குத் தூக்கிட்டுப் போகணுமா, வந்து பாப்பாங்களா? கேசிங்கைத் திறந்தா வாரண்டி போயிடும்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கா? நம்ம ஊரு தூசிக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவையாவது திறந்து ஊதணும், திறக்கவே கூடாதுன்னா எப்படி? கூடவே கிராபிக்ஸ் கார்டோட பெட்டி, விநியோகஸ்தர் ஸ்டிக்கர் எல்லாம் கேட்டு வாங்கிக்கங்க, கடை மூடிட்டாலும் கார்டுக்கு வாரண்டி கேக்க அது உதவும்.

தவணையில எடுக்கிறவங்க மாசக் காசை மட்டும் பாக்காம மொத்தக் காசைக் கூட்டிப் பாருங்க. கிரெடிட் கார்டு 0 சதவீதம்னா சரி. பேலேட்டர் மாதிரி கட்டணம் சேர்ற தவணைன்னா, ஆஃபர்ல மிச்சம் பிடிச்சது அங்கேயே கரைஞ்சிடும்.

சாமான் வந்தாச்சுன்னு வைங்க. பெட்டி பிரிக்கிறதுல இருந்தே வீடியோ எடுங்க. கண்ணாடியைக் கழட்டி உள்ள திணிச்ச ஃபோம் எல்லாத்தையும் எடுத்துட்டு, கிராபிக்ஸ் கார்டு ஒழுங்கா சொருகியிருக்கான்னு பாத்துட்டுத்தான் ஸ்விட்ச் போடணும். மானிட்டர் வயரை கார்டுல சொருகுங்க, போர்டுல இல்ல, 12400எஃப் மாதிரி, உள்ளேயே கிராபிக்ஸ் இல்லாத எஃப் பிராசசர்ல போர்டுப் பக்கம் படமே வராது, "பிசி செத்துப்போச்சு"ன்னு எனக்கு வர்ற போன்ல பாதி இதுக்குத்தான். அப்புறம் சிபியு-இசட்ல பிராசசர், ராம் எத்தனை குச்சி, என்ன ஸ்பீடுன்னு பாருங்க. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோல எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு காட்டும், புதுசுன்னு விக்கிற பிசியில ஆயிரக்கணக்கான மணி நேரம் இருந்தா அது புதுசு இல்ல. விண்டோஸ் செட்டிங்ஸ்ல ஆக்டிவேஷன் பக்கத்தையும் திறந்து பாருங்க, கேஎம்எஸ்னு (கம்பெனிங்க மொத்தமா விண்டோஸ் ஆக்டிவேட் பண்ற முறை) ஏதாவது வந்தா, அது ஆபீஸ் மெஷின் இல்லாத பட்சத்துல, திருட்டு விண்டோஸ்னு அர்த்தம்.

அதுக்கப்புறம் கனமான கேம் ஒண்ணை அரை மணி நேரம் ஓட விடுங்க, ஏர்கோன் போடாம, மத்தியான நேரத்துல. நம்ம ரூம் சூடு 32, 33 டிகிரி, குளிர் நாட்டுல டெஸ்ட் பண்ண வீடியோவைப் பாத்து ஏமாறாதீங்க. முன்பக்கம் முழுக்க கண்ணாடி போட்டு காத்தே போகாத கேசிங் இந்த அரை மணி நேரத்துல மாட்டிக்கும், பிராசசர் 100 டிகிரியைத் தொட்டு வேகத்தைத் தானே குறைக்கும். இதெல்லாம் பாத்து முடிக்கிற வரைக்கும் ஆப்புல "ஆர்டர் ரிசீவ்ட்" பட்டனை அமுக்காதீங்க, அமுக்கினா காசு கடைக்காரர்கிட்ட போயிடும், அப்புறம் அவர் மெசேஜுக்குப் பதில் சொல்ற வேகமே மாறிடும். சர்ஜ் புரொடெக்டர் உள்ள எக்ஸ்டென்ஷன் ஒண்ணும் கூடவே வாங்கிடுங்க, கிள்ளான் பள்ளத்தாக்குல சாயந்தரம் இடி எப்படி விழும்னு தெரியும்ல, இடி நேரத்துல பிளக்கையே பிடுங்கிடுறது இன்னும் நல்லது.

சொன்னது ஒண்ணு, வந்தது ஒண்ணுன்னா, கடைக்காரர் கைவிரிச்சிட்டா பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கு, மலாய்ல திரிபியுனல் துந்துத்தான் பெங்குனா. 50,000 வெள்ளி வரைக்கும் கேஸ் எடுப்பாங்க, ஃபாரம் பதிய 5 வெள்ளிதான், வக்கீல் தேவையில்ல. விளம்பரத்தோட ஸ்கிரீன்ஷாட், சேட்ல அவர் சொன்ன பதில், பெட்டி பிரிச்ச வீடியோ இது மூணும்தான் அங்க உங்களுக்கு சாட்சி, அதனால வாங்குறதுக்கு முன்னாடி போன்ல பேசாம சேட்லயே கேளுங்க. ரசீதையும் பத்திரமா வைங்க, சொந்த உபயோகத்துக்கு வாங்குற கம்ப்யூட்டரை வருமான வரியில லைஃப்ஸ்டைல் கழிவுல காட்டலாம், புத்தகம், இன்டர்நெட் பில் எல்லாம் சேத்து 2,500 வெள்ளி வரைக்கும். வரி கட்டுற அளவுக்கு சம்பளம் வாங்குறவரு பேர்லயே ரசீது போடச் சொல்லுங்க, பையன் பேர்ல வேண்டாம்.